கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டைப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடியில் ஒரு சந்துக்குள் எங்கள் அச்சகம். அப்பா காலத்தில் ட்ரெடில் மெஷின், இப்போது ஆஃப்செட்டும் டிஜிட்டலும். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் பழைய கோட்டைப் படம் ஒன்று தொங்குகிறது. 1754-இல் லண்டனில் வெளியான செப்புத்தகட்டு அச்சின் நகல். கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வந்து காத்திருப்பவர்களின் கண் தானாக அங்கே போகும். கேள்வி ஆரம்பிக்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

இன்னாக்கா, இது எந்த ஊரு?

நம்ம ஊர்தான். புனித ஜார்ஜ் கோட்டை. முன்னால் கடல், பாய்மரக் கப்பல்கள். கரையோரம் நீளமாக மதில். அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் கட்டடங்கள். கடலில் நின்றுகொண்டு மேற்கே பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் வலது கைப்பக்கம் வடக்கு. சட்டத்தைத் தாண்டி வலது பக்கமாகச் சுவரில் விரலை நகர்த்திக்கொண்டே போனால், தினசரி காலண்டர் மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் ராயபுரம் வரும். "அப்ப எங்க வீடு படத்துல இல்லையா?" என்று கேட்காதவர் கிடையாது. இல்லை. அந்த ஏமாற்றத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது வேலைக்கு ஆகும்.

வரைந்தவர் நேரில் பார்த்து வரைந்தாரா?

செதுக்கியவர் யான் வான் ரைன் என்ற டச்சுக்காரர். லண்டனில் தொழில் செய்தவர். வெளியிட்டவர் ராபர்ட் சேயர் என்ற லண்டன் பதிப்பாளர். பம்பாய், கல்கத்தா என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மற்ற இடங்களும் இதே வரிசையில் வந்தன.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டன் தலைமை அலுவலகத்தின் சபை அறையில் மாட்டுவதற்காகத் தன் துறைகளை ஆறு எண்ணெய் ஓவியங்களாக வரைய வைத்திருந்தது. ஜார்ஜ் லேம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்று இரண்டு ஓவியர்கள். ஒருவர் நிலக்காட்சியில் கெட்டி, மற்றவர் கப்பல் வரைவதில் கெட்டி. இருவருமே இந்தியாவில் கால் வைத்ததில்லை. மதராஸ் மதில் எப்படி இருக்கும் என்று லண்டன்வாசிகளின் மனதில் பதிந்ததே இப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குண்டு போட்டதும், சில நாட்களிலேயே கோட்டை அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஒப்பந்தம் போட்டு 1749-இல்தான் ஆங்கிலேயர் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் கழித்து வருகிறது இந்தப் படம். மதிலில் ஒரு கீறல் கிடையாது. கோட்டை விட்டவர்கள் என்று பார்ப்பவர் யாருக்கும் தோன்றாது.

அப்ப இது டுபாக்கூர் படமா?

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் நகரப் படத்தின் வேலையே வேறு.

ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்தில் 1493-இல் ஹார்ட்மன் ஷேடல் எழுதிய உலக வரலாறு ஒன்று அச்சானது. அச்சிட்டவர் ஆன்டன் கோபர்கர். மரக்கட்டைப் படங்கள் மிஷேல் வோல்கமூட்டின் பட்டறையில் தயாரானவை. புத்தகத்தில் 1,809 படங்கள். செதுக்கிய கட்டைகளோ 645 தான். கணக்கு உதைக்கிறதா? ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். மதிலும் கோபுரங்களுமாக ஒரு நகரம். ஒரு பக்கத்தில் அது டமாஸ்கஸ், இன்னொரு பக்கத்தில் ஃபெராரா, அப்புறம் மிலான், அப்புறம் மாந்துவா. பெயர் மட்டும் மாறும், மதில் அதே மதில்.

எனக்கு இது கொஞ்சமும் அதிர்ச்சியாக இல்லை. அப்பாவிடம் மரப்பெட்டி நிறைய பிளாக் இருந்தது. பிள்ளையார், குத்துவிளக்கு, நாதஸ்வரம், கைகோத்த மாப்பிள்ளை பெண்ணு. அந்த ஒரே ஜோடி தண்டையார்பேட்டை முழுக்கக் கல்யாணம் பண்ணிக்கொண்டது. மூக்கு தேய்ந்து மழுங்கும்வரை பண்ணிக்கொண்டது. "இது எங்க பையன் மாதிரி இல்லையே" என்று ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. பிளாக் சொல்ல வந்தது ஆளை அல்ல, விசேஷத்தை. நியூரம்பர்க் கட்டையும் அப்படித்தான். வட்டமாக ஒரு மதில், வாசல், நாலு கூர்க்கோபுரம் போட்டால் 'இது நகரம், பட்டிக்காடு இல்லை' என்று வாசகனுக்குப் புரிந்துவிடும்.

தெரிந்த ஊர் என்றால் கதை வேறு. அதே புத்தகத்தில் நியூரம்பர்க் மட்டும் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. இரட்டை மதில், வாசல்கள், மேலே அரண்மனைக் கோட்டை எல்லாம் அடையாளம் காணக்கூடிய அளவுக்குத் துல்லியம். சொந்த ஊர்க்காரன் வாங்குகிற புத்தகம், அங்கே பிளாக் மாற்றிப் போட்டால் சும்மா விடுவானா?

சரி, மதில் எதற்கு அடையாளம்?

ஒரே பதில் இருந்தால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது.

முதல் அர்த்தத்தை மேலே சொல்லிவிட்டேன்: மதில் இருந்தால் நகரம். பல ஐரோப்பிய நகரங்களின் முத்திரையிலேயே மதிலும் வாசலும்தான் இருக்கும். நகரத்தைப் பெண்ணாக உருவகித்து வரையும்போதும் அவள் தலையில் மதிலையே கிரீடமாக வைத்துவிடுவார்கள். கிரேக்க, ரோமானியச் சிற்பங்களிலிருந்து வந்த பழக்கம் அது. தலையில் சின்னச் சின்னக் கோபுரங்களோடு ஒரு அம்மன் நிற்பதைப் பழைய வரைபடங்களின் ஓரத்தில் பார்த்தால், அவள் ஓர் ஊர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புனிதம். 1498-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் வெளியிட்ட, பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கான மரக்கட்டை வரிசையின் கடைசிப் படத்தில், தேவதூதர் ஒருவர் யோவானுக்குப் புதிய எருசலேமைக் காட்டுகிறார். விண்ணிலிருந்து இறங்கும் நகரம் என்று வேதம் சொல்கிறது. டியூரர் வரைந்திருப்பதோ அசல் ஜெர்மன் ஊர்: சரிவுக் கூரை, மதில், வாசலில் ஒரு தேவதூதர் காவல். சொர்க்கத்தை வரையச் சொன்னால் அவரவர் ஊரைத்தானே வரைவார்கள். ஆனால் அந்த நகரத்தின் வாசல்கள் பகலில் அடைக்கப்படுவதே இல்லை என்றும் வேதத்தில் இருக்கிறது, இரவே அங்கே கிடையாது என்றும் இருக்கிறது. ஆக, எப்போதும் அடைக்காத வாசலுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மதில்? எதிரியைத் தடுக்க இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஒன்று என்று காட்ட. ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோவிலுக்குப் போய்விட்டு வழியில் கடைக்கு வரும் ஒரு பாட்டியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். "வாசப்படி இருந்தாதான வீடு" என்றார். நான் பாதி மணி நேரம் விளக்கியதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

மூன்றாவது, கல்லாப்பெட்டி அர்த்தம். எங்கள் சுவரில் தொங்கும் படம் இந்த வகை. 'உன் பணம் இங்கே பத்திரம்' என்று பங்குதாரருக்குச் சொல்கிற மதில். வங்கி விளம்பரத்தில் இரும்புப் பெட்டகம் வருகிற மாதிரி.

நம்ம இலக்கியத்தில் மதிலுக்கு இப்படி அர்த்தம் உண்டா?

உண்டு, அதுவும் பூ வைத்து. மதிலை வளைத்து முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி. முற்றுகைக்காரன் ஒரு பூச்சூடுவான், காப்பவன் வேறொரு பூச்சூடுவான். படம் வரையாமலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் நீர், மண், மலை, காடு நான்கும் அரணாக வருகின்றன.

அது பழைய கதை என்று நினைத்தால், இன்றைய பேப்பரை எடுத்துப் பாருங்கள். 'கோட்டையைப் பிடிக்கப்போவது யார்' என்று தலைப்பு போட்டால் யாராவது ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களா? சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அந்த மதிலுக்குள் இருப்பதால் கோட்டை என்றாலே ஆட்சி என்றாகிவிட்டது. கம்பெனி கட்டிய சுவர், நாம் கொடுத்த அர்த்தம்.

ஏன் எப்போதும் கடலிலிருந்தே வரைகிறார்கள்?

வாங்குகிறவன் கப்பலில் வருகிறவன் என்பதால்.

கொலோனில் கேயோர்க் பிரவுனும் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்கும் 1572 தொடங்கி 1617 வரை ஆறு பாகங்களாக உலக நகரங்களின் படத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் பாகத்திலேயே கோழிக்கோடு இருக்கிறது. கடலிலிருந்து பார்த்த கோணம், கரையில் யானை. ஐரோப்பிய நகரங்களுக்கு மலைமேல் நின்று பார்ப்பதுபோல் ஒரு கோணம் உண்டு. நம் பக்கத்து ஊர்களுக்குப் பெரும்பாலும் கப்பல் தளம்தான்.

மதராஸுக்கு இது இன்னும் பொருந்தும். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் துரைமார்கள் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன் கண்ணில் முதலில் படுவது மதில்.

இப்போது அந்த ஏமாற்றத்துக்கு வருவோம். காசிமேட்டிலிருந்து பார்த்தால் கோட்டை எப்படித் தெரியும்? அந்தக் கோணத்தில் செதுக்கிய பழைய அச்சுப் படம் ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. மதில் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: என்னை எங்கே நிற்க வைத்திருக்கிறார்கள்?

மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் படத்தில் உண்டா?

ஓரத்தில் தேடினால் கிடைப்பார்கள். அந்த 1493 நியூரம்பர்க் படத்தின் வலது கீழ் மூலையில், மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் சில கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உல்மன் ஷ்ட்ரோமர் 1390-இல் தொடங்கிய காகித ஆலை. கந்தல் துணியை ஊறவைத்து இடிக்கிற வேலை, நாற்றமும் சத்தமும் தாங்காது. அந்தப் புத்தகமே காகிதத்தில்தான் நிற்கிறது, காகிதம் செய்கிறவனுக்கு இடம் மதிலுக்கு வெளியே. ஆண்டர்சன் தெருவில் ரீம் ரீமாகக் காகிதம் சுமக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூலை எனக்கு ஞாபகம் வரும்.

நம் ஊரில் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வடக்கே கறுப்பர் நகரம். இரண்டையும் ஒரே தாளில் காட்டுகிற வரைபடம் ஒன்று உண்டு. ஆளுநர் தாமஸ் பிட் உத்தரவில் அளந்தது, ஹெர்மன் மோல் லண்டனில் செதுக்கி வெளியிட்டது. நிஜமாகவே அளந்தது என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்கிறார்கள். அப்படியானால் மற்றதெல்லாம்?

அந்தப் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1746-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் பாதி இடித்தார்கள், திரும்பி வந்த ஆங்கிலேயர் மீதியை இடித்தார்கள். பீரங்கி சுட மதிலுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். இடித்த வீட்டுக்காரர்கள் வடக்கே தள்ளிக் குடியேறினார்கள். முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை எல்லாம் சேர்ந்த அந்தப் புதிய கறுப்பர் நகரத்துக்கு 1906-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது.

வால்டாக்ஸ் ரோடுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். வால் என்றால் சுவர், டாக்ஸ் என்றால் வரி. பலர் ஏதோ துரை பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1769-இல் ஹைதர் அலியின் படை பரங்கிமலை வரை வந்துவிட்டது. கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியது. கோட்டைக்கு மதில் இருக்கிறது, வடக்கே வியாபாரமெல்லாம் நடக்கிற இடத்துக்கு இல்லையே என்று, கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். பின்னாளில் ஆர்க்காட்டு நவாப்பின் கடன் விவகாரத்தில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் பிடித்து உலுக்கினாரே, அதே ஆள். சுவரை ஒட்டி ஒரு சாலை. சுவருக்கான செலவை உள்ளே குடியிருப்பவர்களே வரியாகக் கட்டட்டும் என்பது கம்பெனியின் எண்ணம். அந்த எண்ணம் கைகூடவில்லை. சுவரும் போனது. வரியின் பெயர் மட்டும் ரோட்டில் ஒட்டிக்கொண்டது. இப்போது அதிகாரப்பூர்வமாக அது வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "வால்டாக்ஸ் ரோடுதான?" என்று திருப்பிக் கேட்பார்.

யானைகவுனியும் இதே சுவரின் மிச்சம்தான். கவுனி என்றால் கோட்டை வாசல். வாசல் இடிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பெயரில் இன்னும் நிற்கிறது.

கோட்டை மதிலுக்கு வான் ரைன் கிடைத்தார், பளபளப்பான தாள் கிடைத்தது. இந்த வடக்குச் சுவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு தெருப் பெயரும் ஒரு வாசல் பெயரும்.

முற்றுகைப் படங்கள் தனி வகையா?

தனி வகைதான். அங்கே மதில் உடையத்தான் வரையப்படுகிறது. ஸ்பானியப் படை 1625-இல் பிரெடா நகரத்தைப் பிடித்ததும், அதைக் கொண்டாட ழாக் கல்லோ என்ற செதுக்குக் கலைஞரிடம் படம் கேட்டார்கள். ஆறு தகடுகளை ஒட்டினால்தான் முழுப் படம். மேலே நகரம் கையளவு. கீழே முன்னணியில் குதிரைகள், கூடாரங்கள், வேடிக்கை பார்க்கும் பெரிய மனிதர்கள். காசு கொடுத்தவர் வெளியே நிற்பவர் என்றால் மதில் சுருங்கிவிடும்.

பீரங்கி வந்த பிறகு உயரமான மதிலே ஆபத்தாகிவிட்டது. தாழ்வாக, தடிமனாக, மூலைக்கு மூலை கொத்தளம் வைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். டியூரரே 1527-இல், சாவதற்கு முந்தைய வருடம், கோட்டை கட்டும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பக்கவாட்டில் பார்த்தால் இந்தப் புது மதில் வெறும் மண்மேடு. ஆகவே அச்சுப் படமும் தலைக்கு மேலே ஏறிவிட்டது. 1593-இல் வெனிஸ்காரர்கள் தொடங்கிய பால்மனோவா கோட்டை நகரம் படத்தில் ஒன்பது முனை நட்சத்திரமாகத் தெரியும். வாசலில் போடும் கோலம் மாதிரி அழகு. அதில் ஆள் நடமாட்டம் தெரியாது என்பதுதான் குறை.

மதிலே இல்லாத நகரத்தை எப்படி வரைந்தார்கள்?

யாகோபோ தெ பார்பரியின் வெனிஸ், 1500. ஆறு மரக்கட்டைகள், கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம். சுற்றிலும் தண்ணீர்தான் மதில். குறள் சொல்லும் நீர் அரண் இதுதான்.

சில படங்களில் இடம் வலம் மாறியிருக்கிறதே?

தகட்டில் செதுக்கினது தாளில் திரும்பித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்ப் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொருவர் அச்சைப் பார்த்து அப்படியே தகட்டில் காப்பியடித்தால் ஊரே கண்ணாடியில் பார்த்தது மாதிரி ஆகிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் லென்ஸும் கண்ணாடியும் பொருத்திய பெட்டியில் வைத்துப் பார்க்கவென்றே திருப்பி அச்சிட்டதும் உண்டு. கடலிலிருந்து பார்க்கும் சென்னைப் படத்தில் கறுப்பர் நகரம் இடது பக்கம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எங்க வீட்டில் ஒன்று இருக்கிறது, ஒரிஜினலா என்று சொல்வீர்களா?

லூப், அதாவது அச்சகக்காரர் வைத்திருக்கும் சின்னப் பூதக்கண்ணாடி, கொண்டுவந்து பார்த்தால் சொல்லிவிடலாம். ஆஃப்செட் நகலில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் பூப்பூவாகத் தெரியும். செப்புத்தகட்டு அச்சில் புள்ளியே இருக்காது. கோடு, அதுவும் ஆரம்பத்தில் மெலிந்து நடுவில் பருத்து மறுபடி மெலியும். விரலால் தடவினால் மை லேசாக எழும்பியிருப்பது தெரியும். ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் நாலு பக்கமும் ஓடும், ஓரம் வெட்டப்படாமல் இருந்தால். அக்வாடின்ட் என்றால் வானமும் நிழலும் ஒழுங்கில்லாத மணல் மணலாக இருக்கும். தகட்டில் பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி, அமிலத்தில் முக்குவதால் வருவது அது. டேனியல்கள், அதாவது தாமஸும் அவர் அண்ணன் மகன் வில்லியமும், 1792-93-இல் தென்னாட்டைச் சுற்றிவிட்டுப் போய் லண்டனில் வெளியிட்ட படங்கள் இந்த முறைதான். அவர்கள் உண்மையாகவே இங்கே வந்தவர்கள். கோட்டையையும் வரைந்தார்கள், கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியையும் தனிப் படமாக வரைந்தார்கள். அதற்காகவே எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை.

அப்பா ஒருமுறை ஒரு வியாபாரியிடம் 'இருநூறு வருஷப் பழசு' என்று நம்பி ஒன்று வாங்கி வந்தார். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் மார்ச் மாதத் தேதிகள். காலண்டர் பக்கம். முப்பது வருடம் மெஷின் ஓட்டிய மனுஷர், லூப் சட்டைப்பையிலேயே இருந்தது, எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தச் சுவரில் தொங்குவது அந்தப் படம் அல்ல. அது வீட்டில் பரணில் இருக்கிறது. அம்மா தூக்கிப்போட விடமாட்டார்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?

படங்களுக்குக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். டேனியல் அச்சுகள் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலக வளாகம் என்பதால் பையைச் சோதிப்பார்கள்.

வெளியே வந்து பாரிமுனைக்கு நடந்தால் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு கல்தூண். 1773-இல் இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டடம் கூடாது என்று நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சிய ஒன்று. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த வடக்குச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஜெயில் சாலைப் பக்கம் வாருங்கள். மிஞ்சிய ஒரு துண்டுக்கு மேலே பூங்கா போட்டார்கள். மதில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாடிப் பூங்கா என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.